கருவி வந்து இறங்கிய பிறகு

எம்.எஸ்சி. படித்த காலத்தில் ஒரு சித்திரை மாதம். சின்ன இரும்புத் துண்டு ஒன்றை உப்புத் தண்ணீரில் நிறுத்தி, அதில் ஓடும் மின்னோட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். திரையில் கோடு வழுவழுவென்று வர வேண்டும். ஆனால் பொடிப் பொடியாக நெளிந்துகொண்டே வந்தது. ஒயரை மாற்றினேன். மின்முனையைத் தேய்த்துக் கழுவினேன். கணினியை அணைத்துப் போட்டேன். காலைப் பொழுது முழுக்க இதிலேயே போயிற்று. ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் கட்டடத்தின் பின்பக்கம் போய் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். மதியத்துக்குள் நெளிவு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

நடந்தது இதுதான். இந்தப் பக்கத்து மண் செம்மண், கொஞ்சம் தோண்டினால் செம்பராங்கல். மழையில்லாத மாதங்களில் காய்ந்து இறுகிவிடும். காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாகப் பாயாது. எர்த் கம்பி பூமிக்குள்தான் இருக்கும், ஆனால் பூமியோடு அதற்குத் தொடர்பு அற்றுப்போயிருக்கும். குழியில் கரியும் உப்பும் போடுவதும், கோடையில் தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். மோட்டாரும் கிரைண்டரும் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவி பொறுக்காது. சுவருக்குள் ஓடும் ஒயர்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் முழுக்க அளவுக்குள் ஏறிவிடும்.

'இத்தனை கோடி ரூபாயில் புதிய ஆய்வுக் கருவி' என்று செய்தி பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாலு குடம் தண்ணீர் நினைவுக்கு வரும். விலை என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது தினமும் ஓட என்னென்ன வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. சென்னையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரைக்குடி மாதிரி ஊரில் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்பதைச் சில கருவிகளை வைத்தே சொல்கிறேன்.

முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சமும்

இந்த ஊருக்கு ஆய்வுக் கருவிகள் வந்த கதை அழகப்பச் செட்டியாரிடம் தொடங்குகிறது. சுதந்திரம் வந்த கையோடு, நாட்டில் தேசிய ஆய்வுக்கூடங்களை எங்கெங்கே அமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றை நடத்தும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் தலைமைப் பொறுப்பில் அப்போது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் இருந்தார். கோட்டையூரில் பிறந்த அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார். 1948 ஜூலை 25-ஆம் தேதி நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் திறந்துவைத்தார். ஊரில் யாரும் அந்த நீளப் பெயரைச் சொல்வதில்லை. 'செக்ரி' என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

மின்சாரத்தால் வேதிமாற்றம் செய்வது, வேதிமாற்றத்திலிருந்து மின்சாரம் எடுப்பது, இந்த இரண்டும்தான் மின்வேதியியல். பேட்டரி, மின்முலாம், துரு, உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பது எல்லாம் இதற்குள் வரும். வற்றாத ஆறு இல்லாத, பெரிய தொழிற்சாலை இல்லாத, ஊருணித் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஒரு வட்டாரத்துக்கு இப்படியொரு துறையின் தேசிய ஆய்வுக்கூடம் வந்தது சாதாரணக் காரியம் இல்லை. பின்னால் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்தது. இன்றைக்குத் தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் பேட்டரி ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றால் அந்த 300 ஏக்கர்தான் காரணம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டு வீட்டைக் கட்டுவது ஒரு தடவைச் செலவு. வருஷாவருஷம் ஓடு மாற்றி, தண்ணீர் இறங்காமல் பார்த்து, கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு வைத்திருப்பது தலைமுறைச் செலவு. பூட்டிக்கிடக்கும் வீடு எவ்வளவு சீக்கிரம் பழுதாகிறது என்பதைக் கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தாலே பார்க்கலாம். ஆய்வுக் கருவிகளும் அப்படியே.

வீட்டுச் சுவரை எக்ஸ்-கதிரில் வைத்தால்

சுவரைப் பற்றிப் பேச்சு வந்ததால் எக்ஸ்ஆர்டி கருவியை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு என்பது அதன் முழுப் பெயர். ஆராய்ச்சி மாணவர்கள் 'எக்ஸ்ஆர்டி எடுத்தாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

பழைய செட்டிநாட்டுச் சுவரின் மேல்பூச்சு கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்ச் சாறு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பெரியவர்கள் சொல்வார்கள். உதிர்ந்த ஒரு துண்டை எடுத்துக் கல்வத்தில் மாவாக அரைத்து, தட்டில் சமமாகப் பரப்பிக் கருவிக்குள் வைக்கிறோம். உள்ளே தாமிர இலக்கிலிருந்து எக்ஸ்-கதிர் வரும். அதன் அலைநீளம் 0.154 நானோமீட்டர். படிகத்துக்குள் அணு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அதனால் கதிர் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகிறது என்று வரைந்தால் மலைமுகடு மாதிரி ஒரு படம் கிடைக்கும். ஒவ்வொரு படிகத்துக்கும் இந்த முகடுகள் கைரேகை மாதிரி. இதற்கான கணக்கை 1913-இல் போட்டவர்கள் பிராக் தந்தையும் மகனும். 1915-இல் நோபல் பரிசு வாங்கியபோது மகனுக்கு வயது 25.

சுவர்ப் பூச்சின் படத்தில் 29.4 பாகையில் ஓங்கிய முகடு நின்றால் அது கால்சைட். அதாவது நீற்றின சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிட்டது. 18 பாகையில் ஒரு முகடு மிச்சம் இருந்தால் உள்ளே இன்னும் மாறாத சுண்ணாம்பு கிடக்கிறது. 26.6-இல் தெரிவது மணலின் குவார்ட்ஸ். பூசிய கொத்தனார் எத்தனை தலைமுறைக்கு முந்தியவராக இருந்தாலும், அவர் போட்ட சுண்ணாம்பு இன்றைக்கு என்னவாக இருக்கிறது என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். எனக்கு இது இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆனால் முட்டை வெள்ளைக்கரு எங்கே? எக்ஸ்ஆர்டியில் அது தெரியாது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்ட பொருளைத்தான் இந்தக் கருவி பார்க்கும், புரதத்தின் சுவடு இதில் பிடிபடாது. அதற்கு அகச்சிவப்பு நிறமாலைமானி வேண்டும். மேல்பூச்சு எவ்வளவு நெருக்கமாக இறுகியிருக்கிறது என்று பார்க்க மின்னணு நுண்ணோக்கி வேண்டும். அதற்குள் வைக்க, பூச்சின் மேல் சில நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் படிய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் கடத்தாத சுண்ணாம்பில் மின்னேற்றம் தேங்கிப் படம் வெளுத்துப்போகும். ஆக ஒரு சுவர்த் துண்டுக்கே மூன்று கருவி. ஒரு கல்லூரிக்கு ஒரு பெரிய கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆராய்ச்சி நடந்துவிடும் என்ற எண்ணம் தவறாவது இங்கேதான்.

பழைய எக்ஸ்ஆர்டியில் உணர்கருவி ஒவ்வொரு கோணமாக நகர்ந்து எண்ணும். நல்ல படம் எடுக்க மணிக்கணக்கில் ஆகும். இப்போது வருபவற்றில் பட்டை வடிவ உணர்கருவி ஒரே சமயத்தில் பல கோணங்களைப் பிடித்துக்கொள்கிறது. நிமிடங்களில் வேலை முடிகிறது. புதிய கருவி வாங்குவதில் இருக்கும் உண்மையான லாபம் இது. ஒரு நாளில் நாலு மாதிரி பார்த்த இடத்தில் நாற்பது பார்க்கலாம். வரிசையில் நிற்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும்.

துருவை அவசரப்படுத்த முடியுமா

மண்டபத்தில் செக்ரியின் கடல் அரிமான ஆய்வு நிலையம் இருக்கிறது. பாம்பன் பாலத்தை வைத்திருக்கும் அந்தக் கடற்கரை, இரும்பு மிக வேகமாகத் துருப்பிடிக்கும் கரைகளில் ஒன்று. இரும்புத் தகடுகளை எடை பார்த்து, எண் குத்தி, சட்டத்தில் மாட்டி, உப்புக் காற்றில் விட்டுவிடுவார்கள். மாதங்கள், வருஷங்கள் கழித்து எடுத்து, துருவை மட்டும் கரைக்கும் அமிலக் கரைசலில் கழுவி, மறுபடி எடை. குறைந்த எடையைப் பரப்பு, நாள், அடர்த்தி ஆகியவற்றால் வகுத்தால் வருஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் கரைந்தது என்று வரும். தேவையான கருவி, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் ஒரு தராசு. அவ்வளவுதான். இதைவிட நம்பகமான முறை இன்றுவரை இல்லை. ஆனால் பெயின்ட் தயாரிப்பவருக்கு ஐந்து வருஷம் காத்திருக்க முடியாது.

இங்கேதான் பொட்டென்ஷியோஸ்டாட் வருகிறது. மின்முனையின் மின்னழுத்தத்தை நாம் சொன்ன இடத்தில் நிறுத்திவைத்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி இது. மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு இது அரிசிப் பானை மாதிரி, இது இல்லாமல் எதுவும் நடக்காது. 1942-இல் ஹிக்லிங் என்பவர் இதை முதலில் செய்து காட்டினார். கரைசலுக்குள் மூன்று மின்முனைகள் போகும். ஒன்று நாம் சோதிக்கும் இரும்பு. இன்னொன்று மின்னோட்டத்தைச் சுமக்கும் பிளாட்டினக் கம்பி. மூன்றாவது ஒப்பீட்டு மின்முனை, அதுதான் அளவுகோல். இரண்டு போதாதா என்று புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பார்கள். மின்னோட்டம் ஓடினாலே ஒரு மின்முனையின் சொந்த மின்னழுத்தம் மாறிவிடும். களத்தில் படி அளக்கிறவரே மூட்டையும் தூக்கினால் கணக்கு தப்பும் இல்லையா, அந்த மாதிரி. அதனால் சுமப்பவர் ஒருவர், அளப்பவர் ஒருவர் என்று பிரித்துவிட்டார்கள்.

இதே கருவியில் மின்மறுப்பு அளவியல் என்று ஒரு வேலை செய்யலாம். பெயின்ட் பூசிய தகட்டின் மேல் 10 மில்லிவோல்ட் அளவுக்கு மிகச் சின்ன அலையை ஏற்றி, நொடிக்கு ஒரு லட்சம் தடவை ஆடுவதிலிருந்து நூறு நொடிக்கு ஒரு தடவை ஆடுவது வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, தகடு எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. நல்ல பெயின்ட் சதுர சென்டிமீட்டர் கணக்கில் நூறு கோடி ஓம் அளவுக்குத் தடுக்கும். அது பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கினால், கண்ணுக்குப் பளபளவென்று இருந்தாலும் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். துரு வெளியே தெரிய ஆகும் காலத்துக்கு வெகு முன்னாலேயே இது சொல்லிவிடும்.

ஆனால் நூறு நொடிக்கு ஒரு அலை என்றால், அந்த ஒரு புள்ளியை எடுக்கவே நிமிடக்கணக்கில் கருவி அசையாமல் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் ஏசி கம்ப்ரஸர் விழுந்து எழுந்தாலும் புள்ளி தாறுமாறாகும். மாதிரியைச் சுற்றி உலோகக் கூண்டு வைப்பது இதற்குத்தான். எங்கள் கல்லூரியில் கூண்டு வாங்கப் பணம் இல்லை. பெரிய தகர பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு ஒயர் விட்டு, டப்பாவை எர்த்தில் கட்டினோம். நன்றாகவே வேலை செய்தது.

நாற்பத்திரண்டு நாள்

இப்போது வரும் புதிய கருவிகளில் பெரும்பங்கு பேட்டரிக்காக. லித்தியம் அயனி பேட்டரிக்கு 2019-இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் கிடைத்தது. மின்சார ஸ்கூட்டர் காரைக்குடித் தெருவுக்கும் வந்துவிட்டது. ஒரு புதிய மின்முனைப் பொருளை ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலில் கிளவ் பாக்ஸ். முன்பக்கம் கண்ணாடி, அதில் இரண்டு வட்ட ஓட்டை, அதில் தோள் வரை வரும் கறுப்பு ரப்பர் கையுறைகள். உள்ளே ஆர்கான் வாயு. அதில் ஈரமும் ஆக்சிஜனும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். நல்ல பெட்டியில் அதிலும் பத்தில் ஒரு பங்கு. கார்த்திகை மழையில் வெளியே சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அப்படியொரு வறட்சியைக் காப்பாற்ற வேண்டும். ஆர்கான் எதற்கு, விலை குறைந்த நைட்ரஜன் போதாதா என்றால், லித்தியம் நைட்ரஜனோடும் வினைபுரியும். வெளிக்காற்றில் வைத்தால் வெள்ளி மாதிரி மின்னும் தகடு கண்ணெதிரே கறுத்துப்போகும். செல்லுக்குள் விடும் கரைசலான மின்பகுளியில் கரைந்திருக்கும் உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைக் கக்கும். அது கண்ணாடியையே அரிக்கும் அமிலம்.

ஒரு சாமானை உள்ளே கொண்டுபோக வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் வைத்து, காற்றை உறிஞ்சி, ஆர்கான் நிரப்பி, மறுபடி உறிஞ்சி, இப்படி மூன்று தடவை. பிறகு கையுறைக்குள் கையை விட்டு வேலை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு உறை, 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் உயரம். அதற்குள் பொருள் பூசிய அலுமினிய வட்டம். மேலே, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் மெல்லிய பிரிப்பான். சில சொட்டு மின்பகுளி. அதன்மேல் லித்தியம் வட்டம், எஃகுத் தகடு, வில்சுருள், மூடி. பிளாஸ்டிக் இடுக்கியால் ஒவ்வொன்றாக மையம் தவறாமல் அடுக்க வேண்டும். பிரிப்பான் ஒரு இழை நகர்ந்தாலும் உள்ளே குறுக்குச் சுற்று. தடித்த ரப்பர் கையுறையோடு முதல்முறை செய்பவருக்கு ஒரு செல் முடிக்கவே வியர்த்துக் கொட்டிவிடும். பழகிய கை ஒரே உட்காரலில் பத்து செல் அடுக்கி அழுத்தியில் வைத்து மூடிவிடும்.

அப்புறம்தான் காத்திருப்பு. செல்லைச் சோதிப்பான் கருவியில் மாட்டி, ஒரு மணி நேரத்தில் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் இறக்கி, ஐந்நூறு சுற்று ஓட்டினால் ஆயிரம் மணி நேரம். நாற்பத்திரண்டு நாள். அந்த நாற்பத்திரண்டு நாளும் மின்சாரம் நிற்கக்கூடாது, அறை 25 பாகையில் இருக்க வேண்டும். வெளியே கத்தரி வெயில் நாற்பதைத் தொடும் ஊரில் இது லேசான காரியம் இல்லை. முப்பத்தைந்தாவது நாள் ராத்திரி ஒரு மின்தடை, யுபிஎஸ் பேட்டரி பழசு, பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது என்றால் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் பொருளின் குறையா, கரண்ட் போனதாலா என்று கட்டுரையைப் பரிசீலிப்பவர் நிச்சயம் கேட்பார். சோதிப்பானின் விலையோடு நல்ல யுபிஎஸ் விலையும் சேர்ந்ததுதான் அந்தக் கருவியின் விலை என்பேன்.

பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே படிகம் எப்படி விரிந்து சுருங்குகிறது என்று எக்ஸ்-கதிரில் பார்க்கும் முறைதான் இப்போது எல்லோருக்கும் ஆசை. செல்லைப் பிரித்துப் பார்த்தால் காற்றுப் பட்டு எல்லாம் மாறிவிடும், அதனால் ஓடும்போதே பார்ப்பது. இதற்கென்று ஜன்னல் வைத்த செல்கள் வந்திருக்கின்றன. இன்னும் பலமான கதிர் வேண்டுமானால் இந்தோரில் இருக்கும் இந்துஸ்-2 மாதிரி, எலக்ட்ரான்களைச் சுழலவிட்டுக் கதிர் எடுக்கும் சின்க்ரோட்ரான் என்ற பெரிய கருவிக்கு விண்ணப்பம் போட்டு, நேரம் கிடைத்தால் மாதிரியோடு ரயில் ஏற வேண்டும்.

ஐந்தொகை

நகரத்தார் கணக்கில் ஐந்தொகை என்று ஒன்று உண்டு. வரவு, செலவு, கொடுக்கல், வாங்கல் எல்லாவற்றையும் சேர்த்து நிற்கும் நிலை என்ன என்று பார்ப்பது. ஒரு பெரிய கருவிக்கு ஐந்தொகை எடுத்தால் விலை அதில் ஒரு வரிதான்.

மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டுபிடிக்கும் என்எம்ஆர் கருவியை எடுத்துக்கொள்வோம். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தம் 9.4 டெஸ்லா. அந்தக் காந்தச் சுருள் மின்தடையே இல்லாமல் ஓட, சுழியத்துக்குக் கீழே 269 பாகை குளிர்ச்சியில் திரவ ஹீலியத்துக்குள் முங்கிக் கிடக்கும். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். நைட்ரஜனை வாராவாரம் நிரப்ப வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒரு முறை. ஹீலியம் நமக்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. உலகச் சந்தையில் தட்டுப்பாடு வந்தால் இங்கே விலை எகிறும். நிரப்பத் தவறினால் காந்தம் சூடேறி, உள்ளே இருக்கும் திரவம் முழுக்கச் சில நிமிடங்களில் வாயுவாகிப் பறந்துவிடும். மறுபடி குளிர வைத்து உயிர்ப்பிக்க ஆகும் செலவைக் கேட்டால் பல கல்லூரிகள் கையைத் தூக்கிவிடும்.

வரியும் உண்டு. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்ற சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அது எடுக்கப்பட்டு 18 ஆனது. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கு 5 லட்சம் கட்டிய இடத்தில் 18 லட்சம். அந்த 13 லட்சம் வந்தது பெரும்பாலும் யுபிஎஸ், பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிபாகம் என்று ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்துதான். இதை நான் தவறான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு பக்கம் அரசே தரும் ஆராய்ச்சி நிதி, இன்னொரு பக்கம் அதே நிதியிலிருந்து அரசுக்கே வரி.

வாங்கும் விதியில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. அரசின் இணையச் சந்தைத் தளமான ஜெம்மில்தான் வாங்க வேண்டும், மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே தர வேண்டும் என்ற விதிகளால், கேட்டது ஒன்றும் வந்தது ஒன்றுமாக இருந்த காலம் உண்டு. 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இதைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. கொள்முதல் குழு வைத்து வாங்குவது 25 லட்சம் வரை. 200 கோடி வரையிலான உலக டெண்டருக்கு இயக்குநரும் துணைவேந்தருமே ஒப்புதல் தரலாம். கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்குப் பக்கத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் வந்தது நல்லது.

ஆனால் விதி தளர்ந்தாலும் முன்யோசனை இல்லாவிட்டால் பயன் இல்லை. நான் சில காலம் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஒரு கருவி மரப்பெட்டியோடு வந்து இறங்கியது. மூன்று ஃபேஸ் இணைப்பு அந்த அறைக்கு இல்லை. ஏசி போட வேறு தலைப்பில் நிதி கேட்க வேண்டும் என்றார்கள். உத்தரவாதக் காலம் கருவி வந்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. பெட்டியைப் பிரித்தபோது அதில் பாதி முடிந்திருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அறையைத் தயார் செய்வது தன் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஆள். அந்தக் காலத்தில் பர்மாவில் நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று வரிசை இருந்தது. மேலாள் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது, பேரேட்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்திலேயே இருந்து பழகிய அடுத்தாள் தயாராக இருப்பார். நம் ஆய்வுக்கூடங்களில் இந்த அடுத்தாள் பெரும்பாலும் இல்லை. கருவியை ஓட்டுபவர் ஒப்பந்த ஊழியர். இரண்டு வருஷத்தில் கருவியின் குணம் முழுக்க அவருக்குப் பிடிபடும். எந்த வால்வை எவ்வளவு திருக வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் பம்ப் எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும். மூன்றாவது வருஷம் அவர் சம்பளம் அதிகம் கிடைக்கும் வேறு ஊருக்குப் போய்விடுவார். புதிதாக வருபவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கருவிக்கு நிதி தரும் திட்டங்கள், நிரந்தரமாக ஒரு தொழில்நுட்ப ஊழியரையும் அவருக்குக் கீழே பழகும் ஒருவரையும் சேர்த்தே தர வேண்டும். புதிய கருவியைவிட இது அவசரம்.

சின்னக் கருவிகள்

எல்லாவற்றுக்கும் கோடி வேண்டும் என்று இல்லை. 2011-இல் கலிஃபோர்னியாவில் சில ஆய்வாளர்கள் எண்பது டாலருக்குள் யாரும் கட்டிக்கொள்ளக்கூடிய பொட்டென்ஷியோஸ்டாட் ஒன்றைச் செய்து, அதன் சுற்று வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையத்தில் உருவான எக்ஸ்பைஸ் என்ற சின்னப் பெட்டி, பள்ளி, கல்லூரிகளில் அளவீடு கற்றுக்கொள்ளவே செய்யப்பட்டது. ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டிய துல்லியம் இவற்றில் எப்போதும் கிடைக்காது. ஆனால் அளவு ஏன் தப்புகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கலாம், உடைந்தால் நாமே ஒட்டலாம். பொத்தானை அழுத்தினால் படம் வரும் விலையுயர்ந்த கருவியில் பழகிய பிள்ளைக்கு, படம் தப்பாக வந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது.

பெரிய கருவிகளுக்குப் பகிர்வுதான் வழி. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஐ-ஸ்டெம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பொது நிதியில் வாங்கிய கருவிகள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கின்றன என்று அதில் தேடி, கட்டணம் கட்டி நேரம் பதிவு செய்யலாம். சென்னை ஐஐடியில் உள்ள நுண்கருவி மையமும், காரைக்குடியிலேயே செக்ரியின் மையக் கருவிக்கூடமும் வெளி மாதிரிகளைப் பார்த்துத் தருகின்றன.

அப்படி மாதிரி அனுப்பும் பிள்ளைகளுக்குச் சில விஷயம். பொடியை நன்றாக உலர்த்தி அனுப்புங்கள், ஈரம் இருந்தால் வெற்றிடக் கருவிக்குள் ஏற்றவே மாட்டார்கள். பெயரைக் குப்பியின் மூடியில் எழுதாமல் உடம்பில் எழுதுங்கள், நாலு குப்பியின் மூடி மாறிப்போனால் மூன்று மாத உழைப்பு போயிற்று. உள்ளே என்ன இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ அதையும், காந்தத் தன்மை உண்டா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். காந்தப் பொடி நுண்ணோக்கியின் லென்ஸில் போய் ஒட்டினால் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கருவி கிடையாது. முடிந்தால் மாதிரியோடு நீங்களே போங்கள். கருவி அறையில் இருப்பவரிடம், "அண்ணே, கொஞ்சம் பக்கத்துல நின்னு பாத்துக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.